போக 6 மணி நேரம், வர 8 மணி நேரம்: அட்லாண்டிக் தாண்டும் தனி விமானத்துக்குக் கணக்குப் போடுவது எப்படி?

நியூயார்க்கிலிருந்து லண்டனுக்குத் தனி விமானம் வேண்டும் என்று கேட்டால், தரகரிடமிருந்து முதலில் வருவது ஒரு மணி நேர வாடகையும் தோல் இருக்கைகளின் படங்களும். இரண்டையும் வைத்துக்கொண்டு எதையும் முடிவு செய்ய முடியாது. இந்தப் பயணத்தில் போகிற பாதி சுலபம். காற்று பின்னாலிருந்து தள்ளும், அமெரிக்காவிலிருந்து புறப்பட வரி சொற்பம், பயணிகள் தூங்கிக்கொண்டே போய்விடலாம். எந்த விமானம், எத்தனை விமானி, எவ்வளவு வரி, யாருக்கு விசா என்பதையெல்லாம் முடிவு செய்வது திரும்பி வருகிற பாதிதான். அதனால் திட்டத்தை அங்கிருந்து தொடங்கினால் பாதிச் சிக்கல் ஆரம்பத்திலேயே தீர்ந்துவிடும்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். ஜனவரி மாதம், 8 பேர், நியூ ஜெர்சியின் டீட்டர்போரோ விமான நிலையத்திலிருந்து லண்டனுக்குத் தென்மேற்கே உள்ள ஃபார்ன்பரோவுக்கு. ஐந்து இரவு தங்கல், பிறகு அதே வழியில் திரும்பல். நியூயார்க் வட்டாரத்துத் தனி விமானங்களில் பெரும்பகுதி டீட்டர்போரோவில்தான் இறங்கும். ஃபார்ன்பரோ தனி விமானங்களுக்கென்றே நடக்கும் நிலையம்.

இரண்டுக்கும் இடையே தூரம் ஏறக்குறைய 3,000 கடல் மைல். விமானம் காற்றில் மணிக்கு 460 கடல் மைல் வேகத்தில் போகிறது என்று கொள்வோம். குளிர்காலத்தில் வட அட்லாண்டிக் மேல் ஜெட் ஸ்ட்ரீம் என்ற உயர்வான வேகக் காற்று மேற்கிலிருந்து கிழக்காக வீசும். பாதை முழுக்கச் சராசரியாக 80 நாட், அதாவது மணிக்கு 80 கடல் மைல் என்பது ஜனவரியில் அதிசயமில்லை. கிழக்கே போகும்போது தரை வேகம் 540. ஐந்தரை மணி நேரத்தில் கடல் தாண்டிவிடும். மேற்கே வரும்போது தரை வேகம் 380தான். 7.9 மணி நேரம் ஆகும். அந்த நேரம் முழுக்க விமானம் எரிபொருள் குடித்துக்கொண்டேதான் இருக்கும். ஆகவே காற்றே இல்லாத நாளில் 3,630 கடல் மைல் பறந்ததற்குச் சமமான எரிபொருள் வேண்டும். போகும்போது இதே கணக்கு 2,560 கடல் மைலுக்குள் முடிந்துவிடுகிறது.

தயாரிப்பாளர் விளம்பரத்தில் இருக்கும் தூரம் காற்றில்லாத நாளுக்கானது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இப்போது விமானங்களைப் பாருங்கள். சேலஞ்சர் 350 ரக விமானத்தின் எல்லை 3,200 கடல் மைல். லண்டனுக்கு ஒரே மூச்சில் போய்விடும். ஜனவரியில் திரும்பி வரும்போது நடுவழியில் எரிபொருள் நிரப்பியே ஆகவேண்டும். சிட்டேஷன் லாங்கிட்யூட் 3,500, அதுவும் மோசமான நாளில் போதாது. ஃபால்கன் 2000எல்எக்ஸ்எஸ் 4,000, வந்துவிடும், ஆனால் கையிருப்பு அதிகம் மிஞ்சாது. கல்ஃப்ஸ்ட்ரீம் ஜி450 என்றால் 4,350, கவலையில்லை. ஜி550 (6,750), ஜி650 (7,000) போன்றவை இந்தத் தடத்துக்குத் தேவைக்கு மிஞ்சியவை. லாஸ் ஏஞ்சலஸ்–லண்டன் மாதிரி 4,700 கடல் மைலுக்கு மேல் போகிற பயணத்துக்குத்தான் அவற்றின் பெரிய டேங்க் உதவும். நியூயார்க்–லண்டனுக்கு அவற்றை எடுப்பவர்கள் பணம் கொடுப்பது இடவசதிக்காக, படுக்கைக்காக. அது அவரவர் விருப்பம், தூரத்தைக் காரணம் காட்டி யாராவது தலையில் கட்டினால் மட்டும் உஷாராக இருங்கள்.

நடுவே இறங்குவது தோல்வி ஒன்றுமில்லை. சிறிய விமானத்தின் மணி வாடகை குறைவு என்பதால், நியூஃபவுண்ட்லாந்தின் கேண்டரிலோ மெய்ன் மாநிலத்தின் பேங்கரிலோ இறங்கி எரிபொருள் நிரப்பி வந்தாலும் மொத்தத்தில் மலிவாகவே முடியலாம். இறங்கி ஏற ஒன்றேகால் மணி நேரம் சேரும். இறங்கும் கட்டணம், தரை ஊழியர் கட்டணம், கூடுதல் பறக்கும் நேரம் எல்லாவற்றையும் விலைப்பட்டியலிலேயே சேர்த்து எழுதச் சொல்லுங்கள். ‘காற்றைப் பொறுத்து’ என்று ஒரு வரி போட்டு விட்டுவிட்டால், காற்று எப்போதும் உங்களுக்கு எதிராகத்தான் இருக்கும்.

மேற்கே வருகிறவர்களுக்கு இன்னொரு நிறுத்தம் உண்டு: அயர்லாந்தின் ஷானன். அமெரிக்கக் குடிவரவு, சுங்கச் சோதனையை 2010 முதல் தனி விமானப் பயணிகளும் அங்கேயே முடித்துக்கொள்ளலாம். முடித்துவிட்டால் அமெரிக்காவில் உள்நாட்டு விமானம் போல இறங்கலாம். சுங்க அதிகாரிகள் இல்லாத சிறிய நிலையத்துக்குக் கூட நேரே போக வழி கிடைக்கும், நள்ளிரவில் அதிகாரிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. எரிபொருளும் அங்கேயே நிரப்பிக்கொள்ளலாம். ஆனால் இந்தச் சோதனைக்கு முன்பே நேரம் பதிவு செய்திருக்க வேண்டும், பயணிகளும் பைகளும் விமானத்தை விட்டு இறங்க வேண்டும்.

விமானம் பறக்கத் தகுதியானது என்பது வேறு, இந்தக் கடலின் மேல் பறக்க அனுமதி பெற்றது என்பது வேறு. வட அட்லாண்டிக்கின் மேற்குப் பாதியை கேண்டர் விமானக் கட்டுப்பாட்டு மையமும் கிழக்குப் பாதியை ஷான்விக் மையமும் கட்டுப்படுத்துகின்றன. 29,000 அடியிலிருந்து 41,000 அடி வரையுள்ள உயரத்தில், கட்டுப்பாட்டு அறையோடு எழுத்துச் செய்தியாகப் பேசும் டேட்டா லிங்க் கருவி இருக்க வேண்டும் என்பது பொது விதி. கருவி இல்லாத பழைய விமானம் அதற்குக் கீழே போகலாம், அல்லது மேலே போகலாம். கீழே போனால் எரிபொருள் செலவு பயங்கரமாக ஏறும். மேலே போகலாம் என்றால், டேங்க் நிறைய எரிபொருளோடு கிளம்பிய விமானம் முதல் சில மணி நேரத்துக்கு 41,000 அடிக்கு மேல் ஏறுவதே கஷ்டம். சில விலைப்பட்டியல்கள் சந்தேகப்படும்படி மலிவாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அந்த விமானம் நடுவே இறங்காமல் திரும்ப முடியாது, அதைத் தரகர் சொல்லியிருக்கவும் மாட்டார். அமெரிக்க நிறுவனமாக இருந்தால் வட அட்லாண்டிக் உயர்வெளிக்கான பி039 அனுமதியும் டேட்டா லிங்க் அனுமதியும் இந்தக் குறிப்பிட்ட விமானத்துக்கு, அதன் பதிவு எண்ணுக்கு, இருக்கிறதா என்று கேளுங்கள். நிறுவனத்திடம் பத்து விமானம் இருக்கலாம், நான்குக்குத்தான் அனுமதி இருக்கலாம்.

அதோடு, பிரிட்டனுக்குக் காசு வாங்கிப் பயணிகளை ஏற்றி வரும் வெளிநாட்டு நிறுவனத்துக்கு அந்நாட்டு விமானத் துறையின் தனி அனுமதிகள் வேண்டும். பிரெக்ஸிட்டுக்குப் பிறகு ஐரோப்பிய ஒன்றியத்துக்கான அனுமதி வேறு, பிரிட்டனுக்கான அனுமதி வேறு. ‘அப்படியே பாரிஸையும் பார்த்துவிட்டு வரலாம்’ என்று நடுவில் தோன்றினால், அதை ஒப்பந்தம் போடுவதற்கு முன்பே சொல்லிவிடுவது நல்லது.

இனி விமானிகள். அமெரிக்காவில் வாடகை விமானங்களுக்கான பகுதி 135 விதிகளின்படி, இரண்டு விமானிகள் 24 மணி நேரத்தில் 10 மணி நேரம் பறக்கலாம். 10 மணி நேர ஓய்வு கட்டாயம் என்பதால் பணி நேரம் 14 மணிக்குள் அடங்கிவிடும். நம் உதாரணத்தில் திரும்பும் விமானம் மதியம் 2 மணிக்கு ஃபார்ன்பரோவை விட்டுக் கிளம்புகிறது. விமானிகள் 12.30க்கே வந்துவிடுவார்கள். தரையில் ஓடும் நேரத்தையும் சேர்த்து 8.2 மணி நேரம் கழித்து இறங்கி, வேலையை முடிக்கும்போது ஏறக்குறைய 10 மணி நேரம் ஆகியிருக்கும். பார்த்தால் நான்கு மணி நேரம் மிச்சம். பயணிகள் மதிய விருந்தை முடித்துக்கொண்டு இரண்டு மணி நேரம் தாமதமாக வருகிறார்கள். இறக்கையில் பனி நீக்க வரிசையில் ஒரு மணி நேரம். எதிர்க்காற்று கூடியதால் கேண்டரில் ஒன்றேகால் மணி நேரம். மிச்சம் தீர்ந்தது. விமானி ‘இன்று முடியாது’ என்றால் அதற்கு மேல் பேச்சில்லை, பேசக்கூடாது. எட்டு பேருக்கு ஹோட்டல் தேட வேண்டியதுதான். லாஸ் ஏஞ்சலஸுக்குத் திரும்புவது போன்ற 11, 12 மணி நேரப் பயணத்துக்கு மூன்றாவது விமானி வேண்டும். அவர் சம்பளமும் தங்கலும் உங்கள் கணக்கில்.

நிலையங்கள் திறந்திருக்கும் நேரத்தையும் இதே மாதிரி முன்கூட்டிப் பார்க்க வேண்டும். ஃபார்ன்பரோ வார நாளில் காலை 7 முதல் இரவு 10 வரை, சனி ஞாயிறும் பொது விடுமுறையும் என்றால் 8 முதல் 8 வரை. நியூயார்க்கில் மாலை 7 மணிக்குக் கிளம்பினால், தரையில் ஓடும் நேரத்தையும் சேர்த்து ஆறு மணி நேரத்தில், அதாவது லண்டன் நேரம் காலை 6க்கு வந்து நிற்பீர்கள். கதவு பூட்டியிருக்கும். வார நாளில் 8.30க்கும், சனிக்கிழமை இறங்குவதாக இருந்தால் 9.30க்கும் கிளம்புவது சரியாக இருக்கும். அதற்காக ரொம்பவும் தள்ளிப்போடக் கூடாது. டீட்டர்போரோவில் இரவு 11 முதல் காலை 6 வரை பறக்காமல் இருப்பது என்று ஒரு தன்னார்வக் கட்டுப்பாடு உண்டு. டீட்டர்போரோவுக்கு 1,00,000 பவுண்டு எடை வரம்பும் உண்டு. ஜி650 விமானத்தின் அதிகபட்சப் புறப்பாட்டு எடை 99,600 பவுண்டு, அதாவது வரம்புக்கு மயிரிழை கீழே. அதற்கு அண்ணன் ஜி650இஆர் 103,600. அங்கிருந்து முழு டேங்கோடு அது கிளம்ப முடியாது.

பணக் கணக்கு

ஜி450 போன்ற பெரிய வகை விமானம் மணிக்கு 9,000 டாலர் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். போக 6, வர 8.2, ஆக 14.2 மணி நேரம். 1,27,800 டாலர். இது அடிப்படை.

அடுத்த கேள்வி, விமானம் ஐந்து நாள் லண்டனில் காத்திருக்குமா, திரும்பிப் போய் மறுபடி வருமா? பெரும்பாலான நிறுவனங்கள் ஒரு நாளைக்குக் குறைந்தபட்சம் 2 மணி நேர வாடகை என்று விதி வைத்திருக்கும், அதை மொத்தப் பயண நாட்களுக்கும் சேர்த்துப் பார்க்கும். நம் பயணம் 6 நாள், குறைந்தபட்சம் 12 மணி நேரம். நாம் பறப்பதோ 14.2. ஆகவே காத்திருப்புக்கென்று கூடுதலாக எதுவும் இல்லை. ஏழு நாள் வரை இப்படித்தான். பத்து நாள் என்றால் 20 மணி நேரக் காசு, 5.8 மணி நேரம் பறக்காமலே கொடுக்க வேண்டும், 52,200 டாலர். அதற்குப் பதில் விமானம் காலியாகத் திரும்பிப் போய் மறுபடி வந்தால் இன்னொரு 1,27,800. கணக்குப்படி பதினான்கு நாள் வரை நிறுத்தி வைப்பதே லாபம். நடைமுறையில் விமானத்தின் சொந்தக்காரருக்கோ வேறொரு வாடிக்கையாளருக்கோ அது தேவைப்பட்டால் நிறுவனம் நிறுத்தி வைக்கச் சம்மதிக்காது. அப்போது போக ஒன்று, வர ஒன்று என்று இரண்டு தனி ஒருவழிப் பயணமாக விலை கேட்டுப் பாருங்கள்.

காலியாகப் பறப்பது இரு முனையிலும் ஒளிந்திருக்கும். விமானம் பக்கத்திலேயே, வொயிட் பிளெய்ன்ஸ் போன்ற இடத்தில் நிற்கிறதா, ஃபுளோரிடாவில் நிற்கிறதா என்று கேளுங்கள். ஃபுளோரிடாவிலிருந்து காலியாக வந்து, கடைசியில் காலியாகத் திரும்பினால் ஐந்து மணி நேரம் கூடும். நம் கணக்கில் 45,000 டாலர். மணிக்கு 500 டாலர் குறைத்துத் தருகிறேன் என்ற தரகரின் சலுகை இதில் கரைந்துபோகும். காலியாகத் திரும்பும் விமானத்தை மலிவாகப் பிடிக்கலாம் என்ற யோசனை கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அந்த விமானத்தை முதலில் அமர்த்தியவர் தேதியை மாற்றினால் உங்கள் பயணமும் போய்விடும். ஒருவழிப் பயணத்துக்கு வேண்டுமானால் முயலலாம், திரும்பி வருவதை அதை நம்பி வைக்கக்கூடாது.

வரி. அமெரிக்காவில் உள்நாட்டு வாடகைப் பயணத்துக்கு உள்ள 7.5 சதவீத வரி இங்கே இல்லை. சர்வதேசப் பயணத்துக்கு ஆளுக்கு ஒரு தலைவரி, 2025இல் ஒரு வழிக்கு 22.90 டாலர். எட்டு பேருக்குப் போக வர 366 டாலர், அவ்வளவுதான். வலிப்பது பிரிட்டனை விட்டுக் கிளம்பும்போது கட்டும் விமானப் பயணி வரி. 20 டன்னும் அதற்கு மேலும் எடையுள்ள, 19 பேருக்குக் குறைவாக இருக்கை கொண்ட விமானங்களுக்கு உயர் விகிதம். நியூயார்க் தூரத்துக்கு அது 2025 ஏப்ரல் முதல் ஆளுக்கு 647 பவுண்டாக இருந்தது, 2026 ஏப்ரலிலிருந்து 1,097 பவுண்டு. எட்டு பேருக்கு 8,776 பவுண்டு. ஷானனில் இறங்கி ஏறினாலும் போய்ச் சேரும் இடம் நியூயார்க் என்பதால் இது குறையாது.

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. ஃபால்கன் 2000எல்எக்ஸ்எஸ் விமானத்தின் அதிகபட்சப் புறப்பாட்டு எடை 42,800 பவுண்டு, அதாவது 19.4 டன். கோட்டுக்குக் கொஞ்சம் கீழே. அதற்குச் சாதாரண விகிதம், ஆளுக்கு 244 பவுண்டுதான், எட்டு பேருக்கு 1,952. சேலஞ்சர் 605 ஏறக்குறைய 22 டன், அதனால் உயர் விகிதம். அறைக்குள் உட்கார்ந்திருப்பவருக்குப் பெரிய வித்தியாசம் தெரியாத இரண்டு விமானங்களுக்கு இடையே 6,824 பவுண்டு வித்தியாசம். 2027 ஏப்ரலிலிருந்து 5.7 டன்னுக்கு மேற்பட்ட எல்லாத் தனி விமானங்களுக்கும் உயர் விகிதம் என்று அறிவித்துவிட்டார்கள், எனவே இந்த இடைவெளி அதுவரைதான். பாரிஸிலிருந்து திரும்பலாமா என்று யோசிப்பவர்களுக்கு: பிரான்ஸ் 2025 மார்ச்சில் வாடகைத் தனி ஜெட்களின் நீண்டதூரப் பயணத்துக்கு ஆளுக்கு 2,100 யூரோ என்று உயர்த்திவிட்டது.

இவற்றுக்கு மேல் ஐந்து இரவு விமானிகள், பணிப்பெண் தங்கும் செலவு, விமானம் நிற்கும் வாடகை, வழிசெலுத்தல் கட்டணம், உணவு. எரிபொருள் கூடுதல் கட்டணம் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தால் அதைக் கவனியுங்கள். ஜி450 மணிக்குச் சுமார் 450 கேலன் குடிக்கும், 14.2 மணி நேரத்துக்கு 6,400 கேலன் வரும். கேலனுக்கு ஒரு டாலர் ஏறினால் 6,400 டாலர். விலையை ஒப்பந்த நாளில் நிலைநிறுத்துகிறார்களா, பறக்கும் நாள் விலையா என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

திரும்பும்போது எது தவறும்

மிகவும் அடிக்கடி கோட்டை விடுவது விசாவில். அமெரிக்காவுக்கு விசா தேவையில்லாத நாட்டுக்காரர்கள் எஸ்டா என்ற இணைய வழி அனுமதி மட்டும் வைத்துக்கொண்டு வழக்கமான விமானத்தில் போய்ப் பழகியவர்கள். அந்தச் சலுகை, அமெரிக்க அரசோடு உடன்படிக்கை செய்துகொண்ட விமான நிறுவனத்தில் வந்தால் மட்டுமே செல்லும். நீங்கள் அமர்த்திய நிறுவனம் அந்தப் பட்டியலில் இல்லையென்றால் பிரிட்டிஷ் கடவுச்சீட்டுக்காரருக்கும் முறையான விசா வேண்டும். லண்டனில் புதிதாக ஒருவர் விருந்தாளியாகச் சேர்ந்துகொள்கிறார் என்றால் முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும். போகும் வழியில், அமெரிக்கக் கடவுச்சீட்டுக்காரர்களுக்கு 2025 ஜனவரி 8 முதல் பிரிட்டனின் இடிஏ மின்னணு அனுமதி தேவை. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவருக்கு, அவரிடம் கிரீன் கார்டு இருந்தாலும், பிரிட்டன் விசா வேண்டும். விமானம் தனியார் என்பதால் எதுவும் தளராது.

நாய் வந்தால் தனி வேலை. பிரிட்டனுக்குள் செல்லப்பிராணியை அங்கீகரிக்கப்பட்ட நிலையம், அங்கீகரிக்கப்பட்ட நிறுவனம் வழியாகத்தான் கொண்டு போகலாம். நாய்க்கு நாடாப்புழு மருந்தை இறங்குவதற்கு 24 மணி நேரத்துக்கு முன்பும் 120 மணி நேரத்துக்குள்ளும் மருத்துவர் கொடுத்துப் பதிந்திருக்க வேண்டும். 20 மணி நேரத்துக்கு முன்பு கொடுத்தேன் என்றால் செல்லாது.

அடுத்தது, லண்டனில் விமானம் பழுதாகி நிற்பது. பல ஒப்பந்தங்களில் இதற்கான வரி ஒன்றுதான்: மாற்று விமானம் தேட உதவுவோம், விலை வித்தியாசம் உங்களுடையது, பறக்காத பகுதிக்கு மட்டும் பணம் திரும்பும். ஐரோப்பாவில் இரண்டு நாளில் அட்லாண்டிக் தாண்டத் தகுதியான விமானம் பிடித்தால், அது காலியாக வீடு திரும்பும் செலவும் உங்கள் தலையில். மாற்று விமானத்தின் விலை வித்தியாசத்தை யார் ஏற்பது என்ற வரியைப் பேசி மாற்ற முடியுமானால், மணி வாடகையில் பேரம் பேசுவதை விட அதில் பேசுவது பயனுள்ளது.

கையெழுத்துக்கு முன் இயக்கும் நிறுவனத்தின் பெயர், விமானத்தின் பதிவு எண், காப்பீட்டுச் சான்று மூன்றும் வர வேண்டும். தரகர் தான் விமான நிறுவனம் இல்லை என்பதையும், இயக்குபவர் யார் என்பதையும் சொல்ல வேண்டும் என்று அமெரிக்காவில் 2019 பிப்ரவரி முதல் பகுதி 295 என்ற விதி இருக்கிறது. ‘நண்பருடைய விமானம், செலவைப் பகிர்ந்துகொள்வோம்’ என்று யாராவது சொன்னால் வாடகை அனுமதி இல்லாத விமானம் என்று அர்த்தம். விபத்து என்றால் காப்பீடு கையை விரித்துவிடும்.

சின்ன விஷயங்களில் இரண்டு. அமெரிக்காவில் தரைக் கோபுரங்களிலிருந்து வரும் இணையம் கடலுக்கு மேல் வேலை செய்யாது. செயற்கைக்கோள் இணைப்பு இருக்கிறதா, மாதக் கட்டணமா, மெகாபைட் கணக்கா என்று கேளுங்கள். மெகாபைட் கணக்கு என்றால் எட்டு பேரின் கைபேசிகள் தாமாகப் படங்களைப் பதிவேற்றியே பெரிய பில் போட்டுவிடும். இன்னொன்று, லண்டனில் ஏற்றிய பழம், இறைச்சி எதையும் பையில் போட்டுக்கொண்டு நியூ ஜெர்சியில் இறங்கக்கூடாது. மிச்ச உணவைக் கூடச் சாதாரணக் குப்பையில் போட முடியாது, அதை எரித்து அழிக்கத் தனி ஏற்பாடும் தனிக் கட்டணமும் உண்டு.

பயணம் முடிந்ததும் கணக்கு முடிந்துவிடாது. பனி நீக்கத் திரவம், இணையம், நிற்கும் வாடகை, கேண்டர் நிறுத்தம் ஆகியவற்றின் பில்கள் சில வாரம் கழித்துத்தான் ஆப்பரேட்டருக்கே வந்து சேரும், அவர் அதை உங்களுக்கு அனுப்புவார். பெரிய விமானத்துக்கு ஒருமுறை பனி நீக்கினாலே ஆயிரக்கணக்கான டாலர், உறைபனி மழை நாளில் இரண்டு முறை அடிக்க வேண்டியிருக்கும். முந்தைய இரவு விமானத்தைக் கொட்டகைக்குள் நிறுத்த ஃபார்ன்பரோவில் இடம் கிடைத்தால், அந்த ஓர் இரவு வாடகை இதைவிடக் குறைவு. குளிர்கால வாரக் கடைசிகளில் இடம் சீக்கிரம் தீரும், அதனால் விமானம் உறுதியான அன்றே கேட்டு வைக்கச் சொல்லுங்கள்.